தானே மூளும் தீ: மரம், காப்புறுதி, விசாரணை

டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலில் குரூக் என்னும் பழம்பொருள் வணிகன், எவரும் தீ வைக்காமலே, தன்னுள் மூண்ட நெருப்பால் எரிந்து போகிறான். 1852இலும் 1853இலும் அந்நாவல் பகுதி பகுதியாக வெளிவந்தபோது லூயிஸ் என்னும் விமர்சகர் இது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது எனக் கண்டித்தார். டிக்கன்ஸோ முன்னுரையிற் பழைய சான்றுகளை அடுக்கி விடாப்பிடியாக வாதாடினார். மனித உடலைப் பொறுத்தவரை நாவலாசிரியர் தவறினார் என்பதில் இன்று ஐயமில்லை. ஆயின் அதே நகரில், அதற்குச் சற்று முன்னரே, மரம் பற்றி இதனையொத்த வினா ஒன்று எழுந்திருந்தது. இலக்கிய மாணவர் பெரும்பாலும் அறியாத அவ்விவாதம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்தது. தீ விபத்தின் நட்டத்தை யார் சுமப்பது என்ற கேள்வி அதனுள் அடங்கியிருந்தமையால் அதனை வெறும் இரசாயன விவாதமாக நாம் கருத முடியாது.

1831இல் பேர்க்கின்ஸ் என்பவர், உயர் அழுத்தத்திலுள்ள சுடுநீரைச் சிறிய இரும்புக் குழாய்களிற் சுற்றவிட்டுக் கட்டடங்களைச் சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் காரணமாக அக்குழாய்களின் வெப்பம் நீரின் கொதிநிலையை வெகுவாகத் தாண்டக்கூடியது. அவை மரத்தளங்களையும் மரச்சுவர்களையும் ஊடறுத்துச் சென்றன. 1841இல் மான்செஸ்ரரில் டேவிஸ், ரைடர் என்னும் இருவர் இம்முறையின் அபாயத்தை ஆராய்ந்து காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்கு அறிக்கை சமர்ப்பித்தனர். எங்கெல்ஸ் அந்நகருக்கு வந்தது மறு ஆண்டின் இறுதியிலேயே. அவர் கண்ட தொழிலாளர் குடியிருப்புகளில் வெப்பமூட்டும் குழாய்கள் இருக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பண்டசாலைகளும் செல்வர் மாளிகைகளுமே காப்புறுதி செய்யப்பட்டவை. அவை எரிந்தபோதே ஆய்வும் பிறந்தது.

1846இல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்றின் முன் ஜேம்ஸ் பிரேய்ட்வுட் சாட்சியமளித்தார். எடின்பரோவிலே தீயணைப்புப் படையை அமைத்த அவர், 1833 முதல் இலண்டன் காப்புறுதிக் கம்பனிகள் கூட்டாக நடத்திய படையின் தலைவராக இருந்தவர். கொதிநீரின் வெப்பத்தை அதிகம் விஞ்சாத வெப்பமும் நெடுங்காலம் தாக்கினால் மரத்தைத் தானே தீப்பற்றும் நிலைக்குக் கொண்டுவரும் என்றும், அதற்கு எட்டுப் பத்து ஆண்டுகள் செல்லலாம் என்றும் அவர் கூறினார். இது ஆய்வுகூடத்திற் பிறந்த முடிபு அன்று. சாம்பலைக் கிளறிய ஒரு தொழில்வல்லுநரின் அனுபவ ஊகம். கூற்று உண்மையாயின் பழி குழாயை அமைத்தவரைச் சாரும். பொய்யாயின் மெழுகுதிரியை மறந்த வேலைக்காரியையோ, சுங்கான் பிடித்த கூலியாளையோ தேடவேண்டிவரும். ஒரு வெப்பநிலை பற்றிய கருத்து எவ்வாறு வர்க்கச் சார்புடைய விளைவுகளைத் தருகின்றது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

பிரேய்ட்வுட்டின் முடிவும் இதே வினாவோடு பிணைந்தது. 1861 யூன் 22ஆம் திகதி, தேம்ஸ் நதியின் தென்கரையில் ரூலி வீதியை அடுத்த பண்டசாலைகளில் தீ மூண்டது. சணல், பருத்தி, சீனி, கொழுப்பு, வெடியுப்பு என உலகின் பல பாகங்களிலிருந்தும் திரட்டப்பட்ட சரக்குகள் அங்கு குவிந்திருந்தன. சணற்பொதிகள் தாமாகவே சூடேறிப் பற்றின என்பதே பொதுவாகச் சொல்லப்பட்ட காரணம். தீ பரவாது தடுக்கவென அமைத்த இரும்புக் கதவுகள் திறந்து கிடந்தன. களைத்த தம் வீரரைக் கவனித்துக்கொண்டு நின்ற வேளையிற் சுவர் இடிந்து வீழ்ந்து பிரேய்ட்வுட் உயிரிழந்தார். தீ முற்றாக அணைய இரு வாரங்கள் சென்றன. காப்புறுதிக் கம்பனிகள் கட்டணத்தை உயர்த்தியதோடு, படையை நடத்தும் பொறுப்பிலிருந்தும் விலக முற்பட்டன. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1866 முதல் இலண்டனின் தீயணைப்பு பொதுச் சேவையாயிற்று. அதுவரை அப்படையின் முதற்கடமை சொத்தைக் காப்பது; மனிதரை ஏணி கொண்டு மீட்கும் பணி பெரும்பாலும் அறச் சங்கம் ஒன்றிடம் விடப்பட்டிருந்தது.

தானே சூடேறுதலுக்குத் தெளிவான கோட்பாட்டு விளக்கம் சோவியத் நாட்டிலிருந்தே வந்தது. 1928இல் செமியோனொவ் வகுத்த வெப்ப வெடிப்புக் கோட்பாட்டை 1930களின் இறுதியில் பிராங்-கமெனெட்ஸ்கி விரிவுபடுத்தினார். ஒட்சிசனோடு மெல்ல வினைபுரியும் பொருள் தன் பருமன் முழுவதிலும் வெப்பத்தை ஆக்குகிறது. ஆனால் மேற்பரப்பினூடாகவே அதனை இழக்கிறது. குவியல் பெரிதாகப் பெரிதாக ஆக்கம் இழப்பை மிஞ்சுகின்றது. எனவே ஒரு பொருளுக்கு ஒரே தீப்பற்றல் வெப்பநிலை என்ற பேச்சு பொருளற்றதாகிறது. சிறு துண்டுக்கு ஓர் எல்லை, பெருங்குவியலுக்கு அதனிலும் தாழ்ந்த வேறோர் எல்லை. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதனைவிட நேரிய எடுத்துக்காட்டு அரிது. எனினும் சமன்பாட்டைப் படியாமல் இயக்கவியலை மட்டும் மேற்கோள் காட்டும் எம்மவர் பழக்கத்தை நாம் கைவிடவேண்டும். பிரித்தானியத் தீ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பௌஸ் 1984இல் வெளியிட்ட நூல் இக்கோட்பாட்டை விரிவாகத் தொகுத்தளித்தது.

மரக்குவியலுக்கும் மரத்தூளுக்கும் இக்கோட்பாடு நன்கு பொருந்தியது. குழாயருகே கிடந்த தனி உத்தரமே சிக்கல் தந்தது. நீண்ட வெப்பத்தாற் கரியான மரம், காற்றுப்பட்டதும் எரியும் தனிவகைக் காபனாக மாறுகிறது என்ற விளக்கம் தீ விசாரணையாளரிடையே வழங்கிவந்தது. 2000ஆம் ஆண்டிற் கசில்லோ, பாக்னி என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதனை ஒரு தொன்மம் என்றே அழைத்தனர். ஆயினும் கரியாகும்போது உண்டாகும் வெடிப்புகள் ஒட்சிசனை உள்ளே இழுத்து, மரம் தானே சூடேறுவதற்கு உதவும் என அவர்கள் காட்டினர். அதாவது, நிகழ்வு மறுக்கப்படவில்லை. அதற்குச் சூட்டிய பெயரும் விளக்கமுமே மறுக்கப்பட்டன. இவ்வேறுபாட்டைக் காணாதோர் இரு தரப்பிலும் இருந்தனர்.

2004இல் ஐக்கிய அமெரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கொலராடோ மாநிலத்தில் எரிந்த உணவகம் பற்றிய வழக்கில் இக்கோட்பாட்டைப் போதிய அளவு நிறுவப்படாதது எனத் தள்ளியது. காப்புறுதி நிறுவனம் மின்விளக்கின் துணைக்கருவியைச் செய்த கம்பனிமீது தொடுத்த வழக்கு அது. இரு முதலாளித்துவ நிறுவனங்களின் பிணக்கில் எமக்கு அக்கறை இல்லை என்று தள்ளிவிடலாகாது. நீதிமன்றம் கேட்டது பரிசோதனைச் சான்று. பத்தாண்டு எடுக்கும் நிகழ்வுக்கு அத்தகைய சான்றை உருவாக்கப் பணமும் காலமும் உடையவர் யார்? சான்று இன்மை இங்கு இயற்கையின் குணம் மட்டுமன்று, ஆய்வுக்கு யார் செலவிடுகிறார் என்பதன் விளைவுமாகும். 2007இல் பப்ரவுஸ்காசும் வேறிருவரும் பதிவான சம்பவங்களைத் தொகுத்து, மரத்தை அடுத்துள்ள வெப்பம் நீண்டகாலத்துக்கு 77 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது என்றனர். பிரேய்ட்வுட் அஞ்சிய எல்லையிலும் இது தாழ்ந்தது.

எதிர்த்தரப்பின் எச்சரிக்கையிலும் நியாயம் உண்டு. வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை, ஆகவே குழாயே காரணம் என முடிபு கட்டுவது எளிது. அமெரிக்கத் தீ விசாரணை வழிகாட்டியின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பு இத்தகைய கழித்தல் முறையை விஞ்ஞான முறைக்கு மாறானதென விலக்கியது. தீவைப்புக் குற்றச்சாட்டுகள் பலவும் இதே கழித்தல் முறையாலேயே கட்டப்பட்டு வந்தன. அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது குழாய் அன்று, மனிதர்.