மட்டும் மதுவும்

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் பட்டைக் களைந்து மெல்லிய துகிலுக்கு மாறுகிறார்கள். கூடவே மட்டு என்ற பானத்தைத் தள்ளிவிட்டு மது என்ற இன்னொன்றை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் என்னென்ன என்று உரைகாரர்கள் சொல்லட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மாறுதல். ஆடையைப் போலவே குடியிலும் வேளைக்கேற்ற தேர்வு ஒன்று இருந்திருக்கிறது.

தேறல், நறவு, தோப்பி, பிழி, அரியல் - இவையெல்லாம் பழம்பாடல்களில் சாதாரணமாகப் புழங்கும் பெயர்கள். காஞ்சிப் பக்கத்துப் பெரும்பாணாற்றுப்படை ஒரு செய்முறையே தருகிறது: குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, இடித்த முளையைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிவது. தானியத்தை முளைகட்டி அதன் மாவை இனிப்பாக்கும் இந்த வித்தைதான் விஸ்கிக்கும் அடிப்படை. மலைக்காரர்கள் தேறலை மூங்கில் குழாயில் அடைத்து விளைய வைத்தார்கள். மரத்தின் வாசனை பானத்தில் ஏறும் என்பது ஸ்காட்லாந்தில் மட்டும் கண்டுபிடிக்கப்பட்ட ரகசியமல்ல.

சமீபத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். ஒன்று போர்பன். பாதிக்கு மேல் மக்காச்சோளம், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாய், நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது என்று அவர்கள் நாட்டில் சட்டமே இருக்கிறது. மற்றது தேன் வாசனை ஏற்றிய விஸ்கி. போர்பன் எனக்குப் பிடித்தது. இரண்டு விரற்கடை, அதில் பாதி தண்ணீர். தேன் சரக்கு இருமல் மருந்தை நினைவூட்டியது. நண்பருக்கு அதுதான் உசத்தி. தேன் கலந்த கள்ளைப் புலவர்களே கொண்டாடியிருக்கும்போது அவரை ரசனையற்றவர் என்று ஒதுக்க முடியவில்லை. ஆனால் ஏன் பிடிக்கிறது என்று இருவருமே சொல்லத் திணறினோம். வார்த்தை இல்லை. நம்மிடம் இருப்பவை சரக்கு, குவார்ட்டர், கட்டிங்: ஒன்று வியாபாரம், மற்ற இரண்டும் அளவு. (இலக்கிய விமர்சனத்திலும் இதே நிலைமைதான். அது வேறு சண்டை.)

இந்த ஊமைத்தனத்துக்குச் சரித்திரம் உண்டு. சோழர் செப்பேடுகள் சிலவற்றில், தானமாக விட்ட ஊரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற நிபந்தனை வருகிறது. யார் எதைக் குடிப்பது என்பதற்கு முன்னால் யார் எந்த மரத்தில் ஏறுவது என்ற கேள்வி வந்துவிட்டது. 1886 ஆப்காரிச் சட்டத்தில் மரமும் கடையும் சர்க்கார் வருமானமாயின. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது. அப்போது டெல்டாவுக்கு இருந்த ஒரே ஜன்னல் காரைக்கால். 1954 வரை அது பிரெஞ்சுக்காரன் மண். அதன் பிறகும் புதுச்சேரியோடு சேர்ந்ததால் சென்னைச் சட்டம் அங்கே செல்லவில்லை. மாயவரத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பஸ் ஏறிப் போனவன் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் குடித்தான். அந்த அவசரத்தில் நாக்குக்கு வேலை கிடையாது.

1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987இல் கள் நின்றது. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் சர்க்கார் கையில். இங்கே விஸ்கி, பிராந்தி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹாலில் நிறமும் மணமும் ஏற்றியவை. ஐரோப்பாவில் இதற்கு விஸ்கி என்று பெயர் வைக்க அனுமதியில்லை. சுற்றிலும் நெல் வயல். தோப்பி என்ற அரிசிக் கள்ளின் பெயர் பேராசிரியர்களுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் ஊரில் பண்ணையாளாக இருந்த ஒரு பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு பனங்கள்ளா தென்னங்கள்ளா, காலையில் இறக்கியதா சாயங்காலத்ததா, கலயத்தில் சுண்ணாம்பு கூடிவிட்டதா என்றெல்லாம் சொல்வார். மிராசுதார் வீட்டில் பெர்மிட்டில் வந்த சீமைச் சரக்கைப் பற்றி, விலையைத் தவிர வேறெதையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியவர் 1987க்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். கடைப் பாட்டில்தான் குடித்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.