செயற்கைச் சிறுநீரகமும் காமாலையும்

சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ், ஒரு காலத்தில் காமாலையையும் பரப்பிற்று. 1969-70இல் எடின்பரோ நகர மருத்துவமனையில் நோயாளிகளோடு பணியாளர்களும் அதற்குப் பலியாயினர்.

1960களில் அமெரிக்க அறிஞர் பிளம்பெர்க் குருதியில் கண்டறிந்த ஒரு பொருள், ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் அடையாளமெனத் தெளிவாயிற்று. 1976இல் நோபெல் பரிசு பெற்ற அவ்வறிஞர், 1986இல் நம் பெங்களூரில், சர் சி. வி. இராமன் 1934இல் நிறுவிய அறிவியல் அகாதமியின் இராமன் பேராசிரியராக விளங்கினார்.

அடையாளம் கிட்டவே வழியும் பிறந்தது. இக்கிருமி உலர்ந்த பரப்பிலும் குறைந்தது ஒரு வாரம் அழியாதிருக்கும். ஆகவே குருதியைச் சோதித்தல், தொற்றுடையோருக்குத் தனி அறையும் தனிப் பொறியும் அளித்தல், கையுறை மாற்றுதல், பொறியைத் துடைத்தல் என அமெரிக்கா 1977இல் விதி வகுத்தது. அந்நாட்டு டயாலிசிஸ் நோயாளிகளிடையே 1974இல் நூற்றுக்கு 6.2 ஆக இருந்த புதுத் தொற்று, 1980இல் 1 ஆகத் தாழ்ந்தது. தடுப்பூசி அதன் பின்னரே புழக்கத்திற்கு வந்தது!

ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கோ இன்றும் தடுப்பூசி இல்லை, தூய்மையே காப்பு. எனவே ஒக்கலிபுரத்திலிருந்து டயாலிசிஸ் நிலையம் செல்லும் நம்மவர், "கையுறை மாற்றினீர்களா? குருதிச் சோதனை எப்போது?" என்று கேட்கத் தயங்கலாகாது. தமிழில் கேட்பினும் கன்னடத்தில் கேட்பினும், அவ்வினா உயிர் காக்கும்.