நடக்காத சண்டையும் பொது எதிராளிகளும்: டெம்ப்சியும் ஹாரி வில்ஸும், 1919–1926

குத்துச்சண்டை வரலாற்றை எழுதுவோரிடம் ஒரு பழைய கணக்குமுறை உண்டு. இரு வீரர்கள் ஒருவரோடொருவர் மோதியிராவிட்டால், இருவரும் தனித்தனியே மோதிய பொது எதிராளிகளைத் தேடியெடுத்து, யாரை யார் எத்தனையாவது சுற்றில் வீழ்த்தினார் என்று ஒப்பிட்டு, நடக்காத சண்டையின் முடிவைக் கணிப்பது. வெவ்வேறு தலைமுறைகளைச் சேர்ந்தவர்களைப் பற்றி இப்படிப் பேசுவது மாலைநேரப் பொழுதுபோக்கு, யாருக்கும் இழப்பில்லை. ஜேக் டெம்ப்சி, ஹாரி வில்ஸ் ஆகியோரைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இருவரும் ஒரே காலத்தவர், ஒரே எடைப்பிரிவினர், நியூயார்க், நியூ ஜெர்சி வட்டாரத்தில் ஒரே அரங்குகளில் ஒரே எதிராளிகளோடு சண்டையிட்டவர்கள். ஏழாண்டுக் காலம் அவர்களுடைய மோதல் பேசப்பட்டது, ஒப்பந்தம்கூட ஆனது, நடக்கவில்லை. பொது எதிராளிகளின் பட்டியல் இங்கே மறுக்கப்பட்ட ஒரு வழக்கில் எஞ்சியிருக்கும் சான்றாவணம். அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் கேள்வி.

பின்னணி சுருக்கமானது. 1908 டிசம்பரில் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஜாக் ஜான்சன். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில், ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜிம் ஜெஃப்ரிஸை அவர் வென்றபோது அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் மூண்டது. கறுப்பின மக்கள் கொல்லப்பட்டனர். குத்துச்சண்டைத் திரைப்படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடுக்கும் சட்டம் 1912இல் வந்தது. 1915 ஏப்ரலில் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் ஜான்சன் தோற்றபின், 1937 ஜூனில் சிகாகோவில் ஜோ லூயிஸ் பிராடக்கை வீழ்த்தும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், எந்தக் கறுப்பின வீரருக்கும் அப்பட்டத்துக்கான வாய்ப்பு வழங்கப்படவில்லை. வில்ஸின் தொழில்வாழ்வின் சிறந்த ஆண்டுகள் முழுவதும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டன.

வில்ஸ் 1889இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். டெம்ப்சி 1895இல் கொலராடோ மாநிலத்தின் மனாசாவில் பிறந்தவர். சுரங்க ஊர்களின் மதுக்கடைகளில் சண்டையிட்டு வளர்ந்தவர். 1919 ஜூலை 4 அன்று டொலீடோவில் டெம்ப்சி முதல் சுற்றிலேயே வில்லர்டை ஏழு முறை தரையில் வீழ்த்தினார். நான்காம் சுற்றுக்கு வில்லர்ட் எழுந்து வரவில்லை. பட்டம் வென்ற கையோடு, கறுப்பின வீரர்களின் அறைகூவல்களை அவர் ஏற்கப்போவதில்லை எனச் செய்தித்தாள்கள் அறிவித்தன. அச்சண்டைக்கான பயிற்சியில் டெம்ப்சியின் எதிரே நின்று அடிவாங்கிய பயிற்சித் துணைவர்களுள் ஒருவர் பில் டேட் என்ற கறுப்பினத்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நிறவரம்பு பயிற்சிக்கூடத்தில் இல்லை. பட்டமும் பணமும் இருந்த மேடையில்தான் அது தொடங்கியது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஃபிரெட் ஃபுல்டன் என்ற நெட்டை வீரரை டெம்ப்சி 1918 ஜூலையில் அரை நிமிடத்துக்குள் சாய்த்தார். அதே ஃபுல்டனை வில்ஸ் 1920 ஜூலையில் நியூவர்க்கில் மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். இங்கே டெம்ப்சியின் கை ஓங்குகிறது. கன்போட் ஸ்மித்தை டெம்ப்சி 1918இல் இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். வில்ஸ் 1921இல் முதல் சுற்றில். இங்கே வில்ஸ் முந்துகிறார். ஆனால் அந்த மூன்றாண்டு இடைவெளியில் ஸ்மித் தொழிலின் விளிம்புக்கு வந்துவிட்டார். ஆக, முதற்படியிலேயே கணக்கு தடுமாறுகிறது: பொது எதிராளி என்று சொல்லப்படுபவர் இரண்டு சண்டைகளிலும் ஒரே ஆள் அல்லர்.

லூயிஸ் ஃபிர்போவின் நிலை இதைவிடச் செறிவானது. ஆர்ஜென்டினாவின் ஃபிர்போ 1923 செப்டம்பர் 14 அன்று நியூயார்க்கின் போலோ மைதானத்தில் டெம்ப்சியோடு மோதினார். முதல் சுற்றில் பலமுறை விழுந்து விழுந்து எழுந்த ஃபிர்போ, ஒரு கட்டத்தில் டெம்ப்சியைக் கயிறுகளுக்கு வெளியே செய்தியாளர்களின் மேசைமீது தள்ளினார்; இரண்டாம் சுற்றில் எல்லாம் முடிந்தது. ஓராண்டுக்குள், 1924 செப்டம்பர் 11 அன்று, ஜெர்சி சிட்டியில் வில்ஸ் அதே ஃபிர்போவைச் சந்தித்தார். இரண்டாம் சுற்றில் ஒருமுறை வீழ்த்தினார். பிறகு பன்னிரண்டு சுற்றுகளும் பிடித்துக்கொண்டும் நெருங்கி நின்று குத்தியும் எதிராளியைக் கட்டுக்குள் வைத்திருந்தார். அன்றைய நியூ ஜெர்சி விதிப்படி புள்ளித் தீர்ப்பு கிடையாது. செய்தியாளர்கள் வில்ஸே வென்றார் என எழுதினர். ஆயினும் டெம்ப்சி இரண்டு சுற்றில் முடித்தவரை இவரால் பன்னிரண்டு சுற்றிலும் முடிக்க இயலவில்லையே என்ற குறையும் உடன் எழுந்தது. டெம்ப்சியை ஆதரிப்போர் இன்றளவும் முன்வைக்கும் முதன்மைச் சான்று இதுவே.

சான்றைத் திருப்பிப் படிப்பதும் இயலும். ஃபிர்போவின் வலக்கை வீச்சு டெம்ப்சியை மேடைக்கு வெளியே அனுப்பியது. அதே வலக்கை பன்னிரண்டு சுற்றுகளில் வில்ஸை ஆபத்தில் சிக்கவைக்கவில்லை. விரைந்து முடிப்பது ஒரு திறம், அடிபடாமல் இருப்பது இன்னொரு திறம். சுற்றுகளின் எண்ணிக்கை முதலாவதை மட்டுமே அளக்கிறது. தவிர, டெம்ப்சியோடு அடிபட்டுத் தேறிவந்த ஃபிர்போ எச்சரிக்கையானவராக மாறியிருந்தாரா என்பதைப் பட்டியல் சொல்லாது.

நான்காம் பொது எதிராளி ஜாக் ஷார்க்கி. 1926 அக்டோபரில் புரூக்ளினில் அவரிடம் வில்ஸ் தெளிவாகப் பின்தங்கி, பதின்மூன்றாம் சுற்றில் விதிமீறலுக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 1927 ஜூலையில் டெம்ப்சி ஷார்க்கியை ஏழாம் சுற்றில் வீழ்த்தினார். தாழ்வான குத்து என்று ஷார்க்கி நடுவரிடம் முறையிடத் திரும்பிய கணத்தில் விழுந்த அடி அது. காகிதத்தில் ஐயமற்ற முடிவு. ஆனால் ஷார்க்கியைச் சந்தித்தபோது வில்ஸுக்கு வயது 37. முப்பத்து மூன்றாம் வயதில் தரப்பட வேண்டிய வாய்ப்பை மறுத்துவிட்டு, முப்பத்தேழாம் வயதின் தோல்வியைச் சான்றாகக் காட்டுவது, விண்ணப்பத்தைக் காலம் கடக்கும்வரை இழுத்தடித்துவிட்டு ‘வயது கடந்துவிட்டது’ என்று தள்ளுபடி செய்யும் அலுவலக வழக்கத்துக்கு ஒப்பானது.

இம்முறையின் தருக்கப் பிழையைப் பிற்காலம் வேறோர் இடத்தில் அம்பலப்படுத்தியது. முகமது அலியை ஜோ ஃபிரேசியர் 1971இலும் கென் நார்ட்டன் 1973இலும் வென்றனர். அவ்விருவரையும் ஜார்ஜ் ஃபோர்மன் தலா இரண்டே சுற்றில் நொறுக்கினார். பொது எதிராளிக் கணக்கின்படி 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலிக்கு வழியே இல்லை. எட்டாம் சுற்றில் விழுந்தவர் ஃபோர்மன். ‘அ’ என்பவர் ‘ஆ’வை வெல்வதும் ‘ஆ’ ‘இ’யை வெல்வதும் ‘அ’ ‘இ’யை வெல்வார் என்பதற்கு உறுதியல்ல, பாணிகள் ஒன்றையொன்று வெட்டும்.

இது எல்லாக் காலத்துக்கும் பொதுவான குறை. வில்ஸ் வழக்கில் இதனினும் ஆழமான ஒரு குறை உண்டு: பட்டியலே நிறவரம்பின் விளைபொருள். வெள்ளையின வீரர்கள் மோத மறுத்ததால் கறுப்பின வீரர்கள் திரும்பத் திரும்பத் தங்களுக்குள்ளேயே மோதிப் பிழைக்க வேண்டியிருந்தது. சாம் லாங்ஃபோர்டோடு மட்டும் வில்ஸ் பதினைந்து முறைக்கு மேல் மேடையேறினார்; தொடக்கத்தில், 1914இலும் 1916இலும், அவரிடம் வீழ்த்தப்பட்டார்; பின்னர் மேலோங்கினார். சாம் மெக்வியும் ஜோ ஜெனட்டும் அவருடைய பட்டியலில் உண்டு. ‘வில்ஸ் யாரை வென்றார்?’ என்று கேட்போர், லாங்ஃபோர்டு அப்போது வயது ஏறி, பார்வை மங்கியவர் எனச் சுட்டுகின்றனர். அது உண்மையே. ஆனால் பார்வை மங்கிய ஒருவர் ஏன் மேடையை விட்டு இறங்க முடியாதிருந்தார் என்பதும் அதே வரலாற்றின் பகுதி. மறுபுறம், டெம்ப்சி ஏழாண்டுகளில் பட்டத்தைக் காத்தது ஐந்தே முறை: மிஸ்கி, பிரெனன், கார்ப்பெந்தியே, கிப்பன்ஸ், ஃபிர்போ. ஐவருள் கறுப்பினத்தவர் ஒருவருமில்லை. 1923 செப்டம்பருக்கும் 1926 செப்டம்பருக்கும் இடையே பட்டத்துக்கான சண்டையே நடக்கவில்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டால் விடை தெளிவுபெறுகிறது. டெம்ப்சியின் அந்த எதிராளிகளை வில்ஸ் சந்தித்திருந்தால்? கார்ப்பெந்தியே ஹெவிவெயிட் எடைக்குக் குறைந்தவர். வில்ஸின் உடற்கட்டுக்கு முன் நெடுநேரம் நின்றிருப்பார் எனக் கொள்ளக் காரணமில்லை. நான்காண்டுகள் ஏறத்தாழச் சும்மாயிருந்த 1919இன் வில்லர்டையும் அவர் வென்றிருக்கக்கூடும், டெம்ப்சியின் வேகத்தில் அல்லாவிடினும். விரைந்து விலகி ஆடும் கிப்பன்ஸ் ஒருவரே அவருக்குத் தொல்லை தந்திருப்பார். ஆனால் டெம்ப்சியையே நேரில் எதிர்கொண்டிருந்தால், குறிப்பாக 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில், முதல் மூன்று சுற்றுகளைக் கடப்பது வில்ஸுக்குக் கடினமாகவே இருந்திருக்கும். சான்றுகள் அப்பக்கமே சாய்கின்றன. டெம்ப்சி வென்றிருப்பார் என்று கருதுவதற்கும் அவர் அச்சண்டையைத் தவிர்த்தார் என்று சொல்வதற்கும் முரண் இல்லை. வாய்ப்பு மறுக்கப்பட்டது அநீதி என நிறுவுவதற்கு, மறுக்கப்பட்டவர் வென்றிருப்பார் என நிறுவத் தேவையில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் நூறாண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றிவருகிறது.

தவிர்த்தவர் டெம்ப்சி மட்டுமா என்பது தனி வினா. ரீனோ சண்டையை நடத்தி, தானே நடுவராகவும் நின்ற டெக்ஸ் ரிக்கார்டு தான் டெம்ப்சியின் பெரும் சண்டைகளுக்கும் முதலீட்டாளர். கலவரத்தை நேரில் அறிந்தவர். அவர் வில்ஸை விரும்பவில்லை. நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையமோ, ஜேம்ஸ் ஃபார்லியின் முனைப்பில், வில்ஸோடு மோதாமல் டெம்ப்சி வேறெவரோடும் அங்கே மேடையேறக் கூடாது என்றது. 1925இல் மிச்சிகனின் நைல்ஸ் என்ற சிற்றூரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வில்ஸுக்கு 50,000 டாலர் முன்பணம் வந்துசேர்ந்தது. டெம்ப்சிக்குத் தரப்பட்ட காசோலையோ பணமின்றித் திரும்பியது. ஏற்பாடு கலைந்தது. ரிக்கார்டு நியூயார்க்கைத் தவிர்த்து, 1926 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் டெம்ப்சியை ஜீன் டன்னியோடு மோதவைத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மழையில் அமர்ந்து பார்க்க, டெம்ப்சி பத்துச் சுற்றிலும் பின்தங்கிப் பட்டத்தை இழந்தார். அதற்கடுத்த மாதந்தான் வில்ஸ் ஷார்க்கியிடம் தோற்றது.

1932இல் ஓய்வுபெற்ற வில்ஸ் ஹார்லெமில் வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டு வசதியாகவே வாழ்ந்தார். ஆண்டுதோறும் ஒரு மாதம் உண்ணாநோன்பு இருக்கும் வழக்கத்துக்காகவே செய்தித்தாள்கள் அவரை அவ்வப்போது நினைவுகூர்ந்தன. 1958இல் அவர் இறந்தபோது ஹெவிவெயிட் பட்டம் ஃபிளாய்ட் பேட்டர்சன் என்ற கறுப்பின இளைஞரிடம் இருந்தது.