அட்டையிலிருந்து சில்லுக்கு

கண்டியிலிருந்து பதுளை நோக்கி மலையேறும் ஒற்றைத் தண்டவாளப் பாதையில் நெடுங்காலமாக வழங்கிவந்த ஒரு முறையை நேயர்கள் அறிவர். நிலைய அதிபர் வளையத்தில் இட்டுக் கொடுக்கும் வட்டத் தகடு கையில் வந்து சேராமல், புகையிரதச் சாரதி அடுத்த நிலையத்தை நோக்கி வண்டியைச் செலுத்த இயலாது. பாதையின் உரிமை ஒரு பொருளாகவே கைக்குக் கை மாறியது. கையடக்கத் தொலைபேசியில் நாம் செருகும் சிம் அட்டையும் இத்தகைய தகடே. அது இன்று கண்ணுக்கு மறைந்து வருகின்றது. மறைந்தபின் அந்த உரிமை யார் வசம் இருக்கின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இலங்கைக்குக் கையடக்கத் தொலைபேசி 1989ஆம் ஆண்டில், செல்டெல் நிறுவனத்தின் வழியாக வந்தது. அக்காலக் கருவிகளில் அட்டை கிடையாது. சந்தாதாரரின் இலக்கம் கருவிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. கருவியை மாற்ற விரும்பியவர் நிறுவனத்தாரையே நாடவேண்டும். ஐரோப்பாவில் ஜி.எஸ்.எம். முறையை வகுத்தவர்கள் இந்தப் பிணைப்பை அறுத்தனர். 1991இல் ஜெர்மனியின் கீசெக்கே - டெவ்ரியன்ட் நிறுவனம் முதலாவது சிம் அட்டைகளைச் செய்து பின்லாந்துக்கு அனுப்பியது. 1995இல் இலங்கையில் ஜி.எஸ்.எம். சேவை தொடங்கியபோது, அட்டையும் உடன் வந்தது.

அதன் அருமையை மலைநாட்டார் நன்கறிவர். மலைச்சரிவின் ஒரு பக்கத்தில் எட்டும் அலை மறுபக்கத்தில் எட்டாது. ஆதலின் இரு நிறுவனங்களின் அட்டைகளை வைத்திருந்து இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்வது இங்கு வழக்கமாயிற்று. தோட்டத்து லயத்தில் ஒருவரின் தொலைபேசி மழையில் நனைந்து பழுதாகிவிட்டது என்று கொள்வோம். அட்டையைக் கழற்றி அண்டை வீட்டாரின் பழைய கருவியில் இட்டால், கொழும்பிலிருக்கும் மகனின் அழைப்பு அதே இலக்கத்துக்கு வந்து சேரும். எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. இதை நான் சிறிய சுதந்திரம் என்று கருதவில்லை.

2016ஆம் ஆண்டில் உலகக் கையடக்கத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கமாகிய ஜி.எஸ்.எம்.ஏ., பொதுமக்களின் கருவிகளுக்கென இ-சிம் விதிகளை வெளியிட்டது. 2017இல் கூகுளின் பிக்சல் 2, 2018இல் ஆப்பிளின் ஐபோன் எக்ஸ்.எஸ். ஆகியவை இச்சில்லைத் தாங்கி வந்தன. டயலொக், மொபிட்டல் நிறுவனங்கள் இலங்கையிலும் இவ்வசதியை வழங்குகின்றன. பெரஹரா காண வரும் வெளிநாட்டார் கடையேறாமலே இணைப்புப் பெறுவது இதனாலேதான்.

இனி, இது நிகழும் விதத்தைச் சற்று விரிவாகக் காண்போம். சந்தாதாரரின் அடையாள இலக்கமும் இரகசியச் சாவிகளும் அடங்கிய தொகுதியைத் தொழிலறிஞர் 'புரொபைல்' என்பர். நாம் சந்தாக்கோவை என்போம். கருவியோடு பொருத்தப்பட்ட சில்லில் இத்தகைய கோவைகள் பல இருக்கலாம். ஒவ்வொரு சில்லுக்கும் 32 இலக்கங்கள் கொண்ட தனி அடையாளம் உண்டு. நட்சத்திரம், சதுரக் குறி, பூச்சியம், ஆறு, சதுரக் குறி என அழுத்தினால் இவ்வகைக் கருவிகள் பலவற்றில் அது திரையில் தோன்றும்.

கருவியின் மென்பொருளில் எல்.பி.ஏ. என்றொரு பகுதி உண்டு. கியூ.ஆர். குறியீட்டைப் படமெடுத்ததும் அது அதிலுள்ள சேவையக முகவரியை அறிந்து, இணையத்தின் வழியே அங்குச் செல்கின்றது. சேவையகமும் சில்லும் சான்றிதழ் காட்டி ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. பின்னர் கோவை அந்தச் சில்லுக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்பப்படுகின்றது. சுமந்து செல்லும் எல்.பி.ஏ.யினால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. முத்திரையிட்ட ஓலையைச் சுமக்கும் தூதனைப் போன்றது அது. ஆயினும் கோவையைச் செயற்படுத்துவதும், நிறுத்துவதும், அழிப்பதும் இந்தத் தூதன் வழியாகவே நடக்கவேண்டும். அத்தூதனோ கருவி செய்தவரின் ஆள். அன்ட்ரொயிட் கருவிகளில் தொலைபேசி நிறுவனத்தின் செயலி தன்னுடைய கோவையை மட்டுமே கையாளலாம்; பிறவற்றைத் தொட இயலாது.

தொடக்கத்தில் ஒரு சில்லில் ஒரு நேரத்தில் ஒரு கோவையே செயற்படலாம் என்பது விதி. புகையிரதத் தகட்டின் விதியும் அதுவே. 2022இல் வந்த திருத்தம் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒருங்கே செயற்பட இடமளித்தது.

நன்மைகளை மறைத்தல் முறையன்று. திருடன் அட்டையைக் கழற்றி எறிவது போலச் சில்லை எறிய முடியாது. கோவையை மறைவாகப் பிரதியெடுப்பதும் அரிது. ஆனால் லயத்துத் தொலைபேசிக்கு மீள்வோம். கருவி உயிரிழந்தால் கோவையும் அதனுள்ளே அடைபட்டுவிடும். தவறுதலாக அழித்த கோவையைப் பழைய குறியீட்டைக் கொண்டு மீண்டும் பெறுதல் பெரும்பாலும் இயலாது. நிறுவனம் புதியதொன்றைத் தரவேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும். வங்கியின் இரகசிய எண் வருவதும் அந்த இலக்கத்துக்கே. ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு நேரே மாற்றும் வசதியை 2022இல் ஆப்பிள் விரிவாக்கியது உண்மையே. அதற்கும் இரண்டு கருவிகளும் இயங்கவேண்டும், நிறுவனமும் இசையவேண்டும்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஐபோன் 14இல் அட்டைத் தட்டே இல்லை. 2025இல் வந்த ஐபோன் ஏர் எந்த நாட்டிலும் தட்டில்லாமலே விற்கப்படுகின்றது. கண்டிக் கடைகளில் விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இரண்டு தட்டுகள் இன்னும் உண்டு.