இரும்புக்கை மாயாவிக்கு எப்போது படம்?

2008-ல் 'அயர்ன் மேன்' படம் வந்தது. இரும்புக் கவசம் போட்ட ஹீரோ. உலகமே புதுசு என்று பார்த்தது. ஆனால் தமிழ்நாட்டில் சின்ன வயதில் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இரும்பு ஹீரோ ஒன்றும் புதுசு இல்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான்!

மாயாவியின் பூர்வீகம் இங்கிலாந்து. 1962-ல் 'வேலியன்ட்' வார இதழில் 'ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் தொடங்கிய தொடர். எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. அயர்ன் மேன் காமிக்ஸ் வந்ததே அடுத்த வருடம், 1963-ல்தான். அதாவது நம்ம ஆள் சீனியர்.

இரண்டு பேரின் பிறப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டோனி ஸ்டார்க் ஆயுதக் கம்பெனி முதலாளி. படத்தில் அவர் நெஞ்சைத் துளைப்பது அவர் கம்பெனி குண்டுதான். மாயாவியான லூயிஸ் கிராண்டேலோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் வெறும் உதவியாளர். வேலையில் நடந்த விபத்தில் வலது கை போகிறது, இரும்புக் கை பொருத்துகிறார்கள். பிறகு இன்னொரு விபத்து, உடம்பில் மின்சாரம் பாய்கிறது, ஆள் மறைந்துவிடுகிறார். கை மட்டும் தெரிகிறது. அதற்கப்புறம் மறைய வேண்டுமென்றால் பிளக்கில் விரலை வைத்தால் போதும் (வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்!).

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கதையின் முதல் பாதி கற்பனையாகவே தோன்றாது. ரோலிங் மில், உலை, பிரஸ் என்று இரும்போடு மல்லுக்கட்டும் வேலைகள். பி.காம்.-ல் தொழில் சட்டம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: 1923-ம் வருட இழப்பீட்டுச் சட்டம் அமலில் இருந்தபோது, அதன் அட்டவணையில் ஒரு கை போனால் சம்பாதிக்கும் திறனில் 60 சதவீதம் போனதாகக் கணக்கு இருந்தது. கிராண்டேலுக்குக் கிடைத்தது இரும்புக் கை. மற்றவர்களுக்கு 60 சதவீதம்.

இப்படி ஒரு ஹீரோ தமிழ் சினிமாவுக்கு ஏன் சிக்கவில்லை? 2012-ல் 'முகமூடி', 2023-ல் 'மாவீரன்' என்று சூப்பர் ஹீரோ படங்கள் வந்தன. 'மாவீரன்' நாயகன் காமிக்ஸ் வரைபவன்கூட. ஆனால் இரண்டுமே காமிக்ஸிலிருந்து எடுத்த கதை இல்லை. 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் சூர்யாவை வைத்துப் படம் எடுக்கும் கனவைப் பற்றி லோகேஷ் கனகராஜும் பேசியிருக்கிறார்.

ஒரு சிக்கல் உண்டு. மறையும் சக்தி கிடைத்ததும் கிராண்டேல் ஊரைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. புத்தி பேதலித்து, திருட்டிலும் மிரட்டலிலும் இறங்குகிறார். திருந்தி உளவாளி ஆவதெல்லாம் பின்னால்தான். முதல் பாகம் முழுக்க ஹீரோவே வில்லன். அதற்குப் பணம் போட எந்தத் தயாரிப்பாளர் துணிவார்?