அடுக்களையும் அடைக்கலமும்: சென்னையில் இல்லங்களாக மாறிய இரு வீடுகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னையில் சிறுமியருக்கென எழுந்த காப்பகங்களுள் இரண்டு, அறக்கட்டளையின் நிதியிலோ அரசின் ஆணையிலோ தொடங்காமல், ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டின் கூடத்திலும் அடுக்களையிலும் தொடங்கியவை. சகோதரி சுப்புலட்சுமியின் சாரதா இல்லமும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் ஔவை இல்லமும் ஆகிய இவ்விரண்டையும் தோற்றுவித்தவர்கள் ஒரே ஆண்டில், 1886-இல், பிறந்தவர்கள். எனினும் அவர்கள் திறந்துவைத்த வாசல்கள் வெவ்வேறு குழந்தைகளுக்கானவை.

தஞ்சை மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த சுப்புலட்சுமி, பதினோரு வயதளவில் மணமுடிக்கப்பட்டு, விரைவிலேயே கணவனை இழந்தார். தலையை மழித்து, ஒரு மூலையில் ஒடுக்கி வைக்கும் அக்கால வழக்கத்துக்கு மகளை உட்படுத்த மறுத்த அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் அவரைப் படிக்கவைத்தார்; 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, அடுத்த ஆண்டளவில், எழும்பூரில் தம் குடும்பம் குடியிருந்த வீட்டிலேயே தம்மைப் போன்ற சில குழந்தை விதவைகளைச் சேர்த்துக்கொண்டார். விதவையான அவருடைய சித்தி வாலாம்பாள் வீட்டுப் பொறுப்பை ஏற்றுத் துணைநின்றார். பின்னாளில் எழுதப்பட்ட வரலாறுகள் சுப்புலட்சுமிக்குத் தந்த இடத்தில் சிறு பங்கையேனும் இந்தச் சித்திக்குத் தந்திருக்க வேண்டும். ஏனெனில், அயல் வீட்டுப் பெண்ணைத் தம் பெண்போல் வளர்க்கும் அன்றாட உழைப்பு இல்லாமல் ஒரு வீடு இல்லமாவதில்லை.

இம்முயற்சிக்கு அரசின் கை எட்டியது வேறொரு தேவையால். பெண்பள்ளிகளில் கற்பிக்க ஆசிரியைகள் போதாதிருந்த நிலையில், மறுமணத்துக்கு வழியற்றிருந்த உயர்சாதி இளம் விதவைகளைப் பயிற்றுவித்தால் அக்குறை நீங்கும் என்று பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அம்மையார் கருதினார். படித்து ஆசிரியையாக வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு சிறுமியருக்கு உதவித்தொகையும் கிடைத்தது. எண்ணிக்கை பெருகவே வீடு போதாமற்போய், இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறி, பின்னர் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸில் குடியேறியது. 1842-இல், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டு, 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிச் சென்ற அக்கட்டடத்தை, அரசு 1917-இல் இவ்விளம் பெண்களுக்கெனப் பெற்றது.

ஆனால் இடம் பெரிதானபோதும் எழும்பூர் வீட்டின் அடுக்களை விதி உடன் வந்தது. மடி, அதாவது சமையலிலும் உணவிலும் பிறர் தீண்டாத தூய்மை என்று ஆசாரக் குடும்பங்கள் கொண்டிருந்த ஒழுங்கு, இல்லத்திலும் பேணப்பட்டதோடு, தொடக்கத்தில் பிராமணச் சிறுமியர் மட்டுமே அங்குச் சேர்க்கப்பட்டனர். இந்த உறுதி இல்லாவிடில் தம் பெண்ணை வீட்டுக்கு வெளியே அனுப்ப எந்தப் பெற்றோரும் இசையார் என்பது அன்றைய நியாயம், அது உண்மையும்கூட. இருப்பினும், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த ஆதரவற்ற சிறுமிக்கு அந்த நியாயத்தால் பயனில்லை என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். குடும்பம் தன் அன்பை மட்டுமன்றித் தன் வேலிகளையும் இல்லத்துக்குக் கொடுத்தது.

அந்த வேலிகளின் விளைவிலிருந்தே ஔவை இல்லம் பிறந்தது எனலாம். புதுக்கோட்டையில் தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்று அதன் துணைத் தலைவருமானார். சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். 1930-இல் அம்மரபிலிருந்து தப்பிவந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டை நாடியபோது, பிறப்பைக் காட்டி விடுதிகள் அவர்களை ஏற்க மறுக்கவே, அவர் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். சாதியும் பிறப்பும் கேளாமல் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்பது அந்த இல்லத்தின் நெறியாயிற்று. 1930களின் நடுவில் அடையாற்றுக்கு இடம்பெயர்ந்த பின்னர், பள்ளியும் தொழிற்பயிற்சியும் அதனோடு இணைந்தன. சட்டத்துக்காக அவையில் வாதாடிய ஒருவர், அச்சட்டம் 1947-இல் நிறைவேறும்வரை காத்திராமல், அதனால் காக்கப்பட வேண்டிய பிள்ளைகளுக்குத் தம் வீட்டில் பாய் விரித்தார் என்பதே இவ்வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க பகுதி.

இன்று இவ்வாறு ஒரு வீட்டை இல்லமாக்குவது குடும்பத்தாரின் விருப்பத்தால் மட்டும் நடவாது. பெண்கள், குழந்தைகள் நிறுவனங்களுக்கு 1956-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் குழந்தை இல்லம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அதன்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள் 25 பிள்ளைகள் உறங்கும் கூடத்துக்கு 1,000 சதுர அடி, அதாவது தலைக்கு 40 சதுர அடி என்று அளவு குறிக்கின்றன. அளவுகளைக் குறித்ததோடு நில்லாமல், எந்த அடிப்படையிலும் குழந்தையைப் பாகுபடுத்தலாகாது என்பதையும் அதே சட்டம் தன் பொதுக் கோட்பாடுகளுள் ஒன்றாக வைத்திருப்பதால், எழும்பூர் வீட்டின் அடுக்களையில் கேட்கப்பட்ட, சாதி என்ன என்னும் கேள்வியை இன்று எந்த இல்லமும் தன் வாசலில் நின்று ஒரு சிறுமியிடம் கேட்க முடியாது.