விளக்குக்குக் கணக்கு உண்டு; வீட்டுக்கு?

சோழர் காலக் கோயிற்சுவர்களைப் படித்தோர் ஒரு செய்தியை அறிவர். வேட்டைக்குச் சென்றவன் எய்த அம்பு விலங்கின்மீது பாயாது மனிதன்மீது பாய்ந்துவிடும். அவன் மாண்டுவிடுவான். ஊரார் கூடுவர், வழக்கை ஆராய்வர், வேண்டுமென்றே செய்த கொலையன்று எனத் தெளிவர். போன உயிருக்கு ஈடாகக் கோயிலிலே நந்தாவிளக்கு ஏற்றுக எனத் தீர்ப்பளிப்பர். விளக்கு ஒன்றுக்கு 90 ஆடு, அல்லது 96 ஆடு. அந்த ஆடுகளுக்குப் பெயரே ‘சாவா மூவாப் பேராடு’! செத்ததை ஈன்றதால் ஈடுகட்டி, எண்ணிக்கை என்றும் குறையாமல் காக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

மனிதனுக்குச் சாவு வந்தது. அவன் பெயரால் விட்ட ஆட்டுக்குச் சாவில்லை! ஆண்டவன் சந்நிதியில் விளக்கு எரிந்தது. மாண்டவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா? அத்தகைய கல்வெட்டுகளில் நாம் காண்பது கோயிலுக்குச் சேர்ந்த கணக்கு; கண்ணீர் வடித்தவளுக்குச் சேர்ந்த கணக்கன்று.

பழமையைப் பழிப்பதற்காக மட்டும் இதனைக் கூறவில்லை. அந்த ஏற்பாட்டில் நாம் கற்கத்தக்கதும் ஒன்று உண்டு. குற்றம் இன்னது, தண்டம் இவ்வளவு, பெற்றுக்கொண்டவர் இன்னார், நாள்தோறும் அளக்கவேண்டிய நெய் இத்தனை என்று யாவற்றையும் ஊரார் கண்ணெதிரே கல்லிலே வெட்டினர். ஆகவேதான் ஆயிரம் ஆண்டுகள் கடந்தபின்னும் அந்தக் கணக்கை நாம் வகுப்பறையில் படித்துக் காட்ட முடிகிறது.

காலம் மாறிற்று, நீதியும் கோயிலைவிட்டு மனிதனிடம் வந்தது. பீகாரிலே ரூதல் ஷா என்பவர் 1968 ஜூனில் வழக்கு மன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். ஆனால், சிறைக்கதவு திறந்ததோ 1982 அக்டோபரில்! குற்றமற்றவன் என்ற தீர்ப்புக்குப் பிறகு 14 ஆண்டுச் சிறைவாசம். 1983 ஆகஸ்டு முதல் நாள், உச்சநீதிமன்றம் அவருக்கு, முன்னரே தரப்பட்ட 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய் தருமாறு பீகார் அரசுக்கு ஆணையிட்டது. தொகை சிறிது, அது நாட்டிய நெறியோ பெரிது. ஆட்சி தவறிழைத்தால், அந்தத் தவறுக்கு ஆளானவனுக்கே ஈடு தரவேண்டும் என்ற நெறி அது.

அந்த நெறி பாதாளச் சாக்கடையின் வாயிலுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் சட்டம் பிறந்தது. சட்டம் ஏட்டிலே இருந்தது. மனிதன் குழியிலே இருந்தான். எந்த மனிதன்? சாதி எவனைத் தள்ளிவைத்ததோ, அவனேதான்! துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தினர் 2003இல் உச்சநீதிமன்றம் சென்றனர். 2014 மார்ச் 27ஆம் நாள், தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கிற்று: 1993 முதல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி இறந்தோர் அனைவரின் குடும்பங்களையும் கண்டறிந்து, சாவு ஒவ்வொன்றுக்கும் 10 இலட்சம் ரூபாய் தருக!

‘கண்டறிந்து’ என்ற சொல்லை ஊன்றி நோக்குக. மனுவைக் கையிலேந்தி, வாரிசுச் சான்றுக்கு அலைந்து, வாயிலில் காத்துக் கிடக்கவேண்டியவள் கைம்பெண் அல்லள். அவளைத் தேடிச் செல்லவேண்டியது அரசு. இது கருணைத்தொகை அன்று, கடன்!

கடனைத் தீர்த்தார்களா என்று அறியக் கணக்கு வேண்டுமே! 2021இல் நாடாளுமன்றத்தில் இதுபற்றிக் கேட்டபொழுது, மனிதக் கழிவை அள்ளியதால் இறந்தோர் எவருமில்லை என்றது ஒன்றிய அரசு. அதே ஆண்டு அதே அரசு தந்த இன்னொரு கணக்கில், சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்கி மாண்டோர் 941 பேர்! அள்ளுவது வேறாம், இறங்குவது வேறாம்! சொல்லைப் பிரித்தனர்; சுடுகாட்டைப் பிரிக்க முடியுமா?

அந்த 941 பேரில் 213 பேர் நம் தமிழ்நாட்டார். மாநிலங்களிலே முதலிடம்! தன்மான முழக்கம் எழுந்த மண்ணுக்கு இப்படியும் ஒரு முதலிடமா? தலைகுனிகிறோம். ஆயினும் தலைகுனிவோடு ஒன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். எண்ணுகிற மாநிலத்தில் எண்ணிக்கை ஏறும். எண்ணாத மாநிலம் தூய்மையானதாகத் தோன்றும். எவன் இறந்தான் என்று எழுதாத இடத்தில் எவனுக்கும் இழப்பீடு தரவேண்டியதில்லை அன்றோ? ஒப்பந்தக்காரர் ‘தானே இறங்கினான்’ என்பார். வீட்டுக்காரர் ‘நான் அழைக்கவில்லை’ என்பார். ஏட்டிலே ‘தற்செயல் மரணம்’ என்று ஏறும். சாவு மறையும், கடனும் அதனோடு மறையும்.

இந்தச் சூழ்ச்சியை உச்சநீதிமன்றமும் உணர்ந்தது. 2023 அக்டோபர் 20ஆம் நாள், நீதிபதிகள் இரவீந்திர பட், அரவிந்த் குமார் இருவரும் அளித்த தீர்ப்பு, உயிரிழப்புக்கான ஈட்டை 30 இலட்சமாக உயர்த்தியது. உறுப்புக் குறைந்தோர்க்கு 10 இலட்சத்துக்குக் குறையாமலும், நிலையாக முடங்கிப் பிழைக்க வழியற்றுப் போனோர்க்கு 20 இலட்சத்துக்குக் குறையாமலும் வழங்கச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. சாவுகள் எத்தனை, வழங்கிய இழப்பீடு எவ்வளவு, மறுவாழ்வுக்குச் செய்தது என்ன என்று யாவரும் காணும்படி இணையத்தில் கணக்கு வைக்கவும் ஆணையிட்டது. ஆம், நம் காலத்துக் கல்வெட்டு அது!

அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கவேண்டும்? சாவு நேர்ந்த நாள், ஊர், குழியில் இறக்கியவர் யார், தொகை கொடுத்த நாள், அவர்மீது தொடுத்த வழக்கின் நிலை — இவை இருக்கவேண்டும். இழந்த குடும்பத்தின் முகவரியைக் கடைத்தெருவில் ஒட்டச் சொல்லவில்லை நாம். ஒளிவு வேண்டுவது துயருற்றோர்க்கு; வெளிச்சம் வேண்டுவது பொறுப்புற்றோர்க்கு. அமைச்சர் காசோலை நீட்டும் படம் ஒன்று ஏட்டில் வரும். அது ஒரு வீட்டின் செய்தி. படத்தில் இடம்பெறாத வீடுகள் எத்தனை என்று சொல்வதே கணக்கு.

பணம் கொடுத்தால் பழி தீர்ந்துவிடுமா என்று கேட்பீர். தீராது! இனி ஒருவனும் இறங்காத நாளில்தான் அது தீரும். அந்த நாள் வரும்வரை, இறந்தவன் ஒவ்வொருவனையும் எண்ணியே ஆகவேண்டும்.

ஆடு சாகாமல் காக்கக் கணக்கு எழுதிய நாடு இது. ஆள் செத்ததற்கேனும் எழுதட்டும்!